கருவிகள் தயாராகத்தான் இருந்தன

2005-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், சைனஸ் கோளாறுக்கான அறுவை சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு, மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுவழி அடைபட்டது. அனுபவமிக்க மருத்துவர்கள் தொண்டை வழியே குழாய் செலுத்த வெகுநேரம் போராடினார்கள். கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யும் கருவிகளைச் செவிலியர் ஒருவர் கொண்டுவந்து, தயார் என்றார். அது யார் மனத்திலும் பதியவில்லை. மற்றொரு செவிலியர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கேட்டிருந்தார். மருத்துவர்களின் முகத்தைப் பார்த்ததும், தான் அவசரப்பட்டுவிட்டதாக எண்ணி அதை ரத்து செய்தார். 13 நாட்களில் அந்தப் பெண் இறந்துபோனார்.

அந்த அறையில் அறிவுக்கும் கருவிக்கும் குறைவில்லை. ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குப் போய்ச் சேரவில்லை. மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும் தனித்தனிக் கல்லூரிகளில் படித்துவிட்டு, உயிர் ஊசலாடும் படுக்கையருகில்தான் முதன்முதலாகச் சேர்ந்து வேலை செய்கிறார்கள் என்றால், இதில் வியப்பென்ன?

விமானத்துறை இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1977-இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவில், ஓடுபாதையில் இரு விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிர் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் கேட்ட கேள்வியைத் தலைமை விமானி அலட்சியமாகக் கடந்துபோனார். அதன் பின் விமானிகளுக்கு வந்த குழுப் பயிற்சியை, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மயக்கவியல் மருத்துவர் டேவிட் காபா 1990 வாக்கில் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார்.

மருத்துவ, செவிலிய, மருந்தியல் மாணவர்கள் சேர்ந்து பழகும் இன்றைய ஒரு பயிற்சி அறைக்குள் போவோம். படுக்கையில் இருப்பது பொம்மை. பிரசவம் முடிந்து ரத்தப்போக்கு நிற்கவில்லை. திரையில் ரத்த அழுத்தம் இறங்குகிறது. “யாராவது ரத்தம் கொண்டுவாருங்கள்” என்று மருத்துவ மாணவர் கத்துகிறார். யாரும் நகர்வதில்லை, ஏனென்றால் ‘யாராவது’ என்ற பெயரில் அங்கே ஒருவரும் இல்லை. பெயர் சொல்லிக் கேட்பதும், அழைக்கப்பட்டவர் மருந்தையும் அளவையும் திருப்பிச் சொல்வதும், கொடுத்து முடித்ததும் மறுபடி அறிவிப்பதும் இப்படித்தான் பழக்கமாகின்றன.

அடுத்து வேண்டுமென்றே ஒரு பொறி வைப்பார்கள். மூத்த மருத்துவராக நடிக்கும் ஆசிரியர், கருப்பையைச் சுருங்கவைக்கும் கார்போப்ரோஸ்ட் ஊசியைப் போடச் சொல்வார். கேஸ் ஷீட்டிலோ ஆஸ்துமா என்று எழுதியிருக்கும். அந்த மருந்து மூச்சுக்குழாய்களையும் இறுக்கிவிடும். செவிலிய மாணவியோ மருந்தியல் மாணவரோ அதைக் கவனித்துவிடலாம். கவனித்ததை வாய்விட்டுச் சொல்வார்களா? என்னைப் பொறுத்தவரை இந்தப் பயிற்சியின் உயிரே அந்தச் சில நொடிகளில்தான் இருக்கிறது.

பயிற்சிக்குப் பின் நடக்கும் கலந்துரையாடல் பெரும்பாலும் பயிற்சியைவிட நீளமானது. யார் தவறு என்று அங்கே கேட்பதில்லை. அந்த நேரத்தில் என்ன நினைத்தீர்கள் என்றே கேட்கிறார்கள். “டாக்டருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்” என்பார் ஒருவர். “நீங்கள் சொல்லியிருக்கலாமே, நான் கேஸ் ஷீட்டைப் பார்க்கவே இல்லை” என்பார் மற்றவர். எத்தனை வகுப்பில் பாடம் நடத்தினாலும் இந்த இரண்டு வாக்கியங்களும் இப்படி நேருக்கு நேர் சந்திப்பதில்லை.

பணியில் இருப்பவர்களுக்கும் இம்முறை பயன்படுகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலுள்ள சவுத்மீட் மருத்துவமனை 2000 முதல் மகப்பேறு மருத்துவர்களையும் செவிலியரையும் ஒன்றாகவே பயிற்றுவித்தது. பிரசவத்தில் தோள் சிக்கிய குழந்தைகளில் முன்பு 9.3 சதவீதம் பேருக்குக் காயம் ஏற்பட்டது. பயிற்சிக்குப் பின் அது 2.3 சதவீதமானது.