பகா எண்ணா, முதன்மை எண்ணா?

2, 3, 5, 7 போல 1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்ணை ஆங்கிலத்தில் prime number என்பார்கள். இணையக் கணக்குப் பாடங்களில் அதற்கு 'முதன்மை எண்', 'பிரதான எண்' என்றே இப்போது காதில் விழுகிறது. வேலூர்ப் பக்கத்து டியூஷன் நோட்டுகள் வரை அது வந்துவிட்டது. பிள்ளைகள் கையில் இருக்கும் பாடநூலிலோ 'பகா எண்' என்ற அருமையான சொல் அச்சாகியே இருக்கிறது.

பகு என்றால் பிரி. பகுதி, பகுப்பு, பகிர்வு எல்லாம் அந்த வேர்தான். நன்னூல் சொற்களைப் பகுபதம், பகாப்பதம் என்று பிரித்ததும் இதே முறையில்தான்.

இந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்பதை வேலூரின் அஞ்சல் குறியீடு 632001இலேயே பார்க்கலாம். இலக்கங்களைக் கூட்டினால் 12. ஆகவே 3ஆல் வகுபடும், ஈவு 210667. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 7, 11, 13 வரை வகுத்துப் பார்த்து, மீதி வருகிறது என்றதும் பகா எண் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 210667இன் வர்க்கமூலம் 459ஐ ஒட்டி வருகிறது. அதற்குக் கீழுள்ள பகா எண் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தாக வேண்டும். 283 வரை ஒன்றுக்கும் மசியாத எண், 293க்கு மீதியில்லாமல் வகுபட்டு 719 தருகிறது. 719ஐ மறுபடி சோதிக்க வேண்டாம். 293ஐவிடச் சிறிய பகாக் காரணி அதற்கு இல்லை என்பது முன்பே தெரிந்துவிட்டது. 293இன் வர்க்கமோ அதைவிட மிகப் பெரியது. ஆக, 632001 = 3 × 293 × 719. இதற்குமேல் பகுக்க வழியில்லை. பகா எண் என்ற பெயரே அதைச் சொல்லிவிடுகிறது.

'முதன்மை' என்பவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேருக்கு 'முதலாவது' என்றுதான் பொருள்; யூக்ளிட் கிரேக்கத்தில் சொன்னதும் அதுவே. இலங்கைப் பாடநூல்களும் முதன்மை எண் என்றே எழுதுகின்றன. ஆனால் இன்றைய தமிழில் முதன்மை என்றால் தலைமை. முதன்மைக் கல்வி அலுவலர் என்கிறோமே, அந்தப் பொருள். 3, 293, 719 மூன்றில் எது எதற்குத் தலைமை? போதாததற்கு, முதன்மை மூலைவிட்டம், முதன்மை மதிப்பு என்று மேல்வகுப்புக் கணக்கில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. 'பிரதான' என்பது அதே குழப்பத்தை வடசொல்லில் சொல்வது, அவ்வளவுதான். பகு எண், பகா எண் என்றால் ஒன்றைக் கேட்டதும் மற்றது விளங்கிவிடும். முதன்மைக்கு அப்படி ஒரு இணை கிடையாது.

1ஐயும் பகுக்க முடியாதே என்று கேட்கலாம். சரியான கேள்வி. 1ஐச் சேர்த்துக்கொண்டால் 632001ஐ 1 × 3 × 293 × 719 என்றும், 1 × 1 × 3 × 293 × 719 என்றும் எழுதிக்கொண்டே போகலாம். காரணிப்படுத்தல் ஒரே விதமாக அமையாது. அதனால்தான் 1 இரண்டு வகையிலும் சேராது. எந்தச் சொல்லை எடுத்தாலும் இதைத் தனியாகத்தான் சொல்லித்தர வேண்டும். 'முதன்மை' என்று சொல்லிவிட்டு 1ஐ விலக்குவது இன்னும் கடினம்.

பகா எண் என்று எழுதுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொழிபெயர்ப்புகளில் 'பகா காரணி' என்று வருகிறது. 'பகா' என்பது 'பகாத' என்பதன் கடைசி எழுத்துக் கெட்ட வடிவம், அதாவது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அதன்பின் வல்லினம் மிகும். பகுபதத்தில் மிகாத ப், பகாப்பதத்தில் மிகுந்திருப்பதைப் பாருங்கள். 'பகாக் காரணி' என்றே எழுத வேண்டும்.