பிக்கப் வாங்கும் முன் குனிந்து பாருங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒருவர் தன் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, பின்பக்கம் ஊளையிடுகிறது என்றார். வண்டிக்கு நான்கு வயது. சீட்டில் ஒரு கறை கிடையாது, பெயின்டில் ஒரு கீறல் கிடையாது. லிஃப்டில் ஏற்றி, பின் டிஃபரன்ஷியலில், அதாவது என்ஜின் விசையைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டியில், ஆயில் வடிக்கும் போல்ட்டைத் தளர்த்தினேன். முதலில் வந்தது ஆயில் இல்லை, தண்ணீர். அரை டம்ளருக்குத் தெளிந்த தண்ணீர். அதன் பின்னால் பால் ஊற்றிய காபி நிறத்தில் கெட்டியாக ஒரு குழம்பு. பேரிங்கைக் கழற்றிப் பார்த்தால் உருளைகளில் புள்ளி புள்ளியாகத் துரு அரித்திருந்தது.

"நான் இதைக் கண்டபடி ஓட்டியதே இல்லையே. வாரம் ஒருமுறை படகை இழுத்துக்கொண்டு மீன்பிடிக்கப் போவேன், அவ்வளவுதான்" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. வண்டி கெட்டதும் அதனால்தான்.

நடப்பது இதுதான். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் டிரெய்லரை இழுத்து ஓடியபின் டிஃபரன்ஷியலுக்குள் ஆயில் நன்றாகச் சூடேறியிருக்கும், உள்ளே இருக்கும் காற்றும் விரிந்திருக்கும். போய்ச் சேர்ந்த கையோடு, படகு இறக்கும் சரிவில் வண்டியைப் பின்னால் விட்டுச் சக்கரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் முக்குகிறோம். சூடான இரும்பு சட்டென்று குளிர்கிறது, உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சியாக வேண்டும். இதற்காகவே ஆக்ஸிலின் (சக்கர அச்சின்) மேல் பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கிறது. அதுவே தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரை உறிஞ்சும். சேற்றால் அடைபட்டிருந்தால் ஆயில் சீலின் ஓரமாக உறிஞ்சும். ஒவ்வொரு முறையும் ஒரு மடக்கு. டிரெய்லரின் சக்கர ஹப்புக்கும் இதே கதைதான்.

நல்ல வண்டியா என்று பார்ப்பவர்கள் என்ஜின் சத்தத்தைக் கேட்கிறார்கள். நான் முதலில் பிரீதர் குழாய் எவ்வளவு உயரத்தில் முடிகிறது என்று பார்ப்பேன். தாழ்வாக முடிந்தால் ஒரு ரப்பர் ஹோஸ் போட்டு மேலே ஏற்றிவிடலாம், பெரிய செலவில்லை. பழைய வண்டி வாங்குகிறீர்கள் என்றால், டிஃபரன்ஷியலில் ஆயில் ஊற்றும் ஃபில்லர் போல்ட்டைத் திறந்து விரலை விட்டு ஆயிலைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வெளுத்திருந்தால் அந்த வண்டி தண்ணீரில் இறங்கியிருக்கிறது.

"எந்த பிராண்டு வாங்கலாம்?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். டொயோட்டா டகோமா, ஹைலக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர், நிசான் ஃப்ரன்டியர், இசுசு டி-மேக்ஸ் என்று நடுத்தர பிக்கப்களில் நன்கு ஓடிக் காட்டியவை பல இருக்கின்றன. நன்றாகப் பராமரித்த ஒன்றுக்கும் கவனிக்காமல் விட்ட ஒன்றுக்கும் இருக்கும் வித்தியாசம், ஒரு பிராண்டுக்கும் இன்னொன்றுக்கும் இருப்பதைவிடப் பெரியது. வேட்டைக்கும் மீன்பிடிக்கும் போகும் வண்டியைக் கொல்வது பெரும்பாலும் இரண்டு: தண்ணீர், சுமை.

சுமை கணக்கை யாரும் போடுவதில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம். விளம்பரத்தில் 3500 கிலோ இழுக்கும் என்று இருக்கும், அதைப் பார்த்து வாங்கிவிடுவார்கள். இழுக்கும் எடை வேறு, சுமக்கும் எடை வேறு. சுமக்கும் எடையை ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் பாருங்கள், அல்லது பதிவுத் தாளில் உள்ள மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழியுங்கள். 550 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் ஏறினால் ஆளுக்கு 85 கிலோ வீதம் 340 போயிற்று. மீதி 210. படகும் டிரெய்லரும் சேர்ந்து 1000 கிலோ என்றால், அதில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியின்மேல் அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் டிரெய்லர் வாலாட்டும். அந்த 100 கிலோவும் வண்டிதான் சுமக்கிறது. மீதி 110. பின்னால் கேனப்பி (பின்பாடியை மூடும் கூண்டு) போட்டிருந்தால் 80 கிலோ. மீதி 30. ஐஸ் நிரப்பிய பெரிய பெட்டி ஒன்றை வைத்தாலே கணக்கு உடைந்துவிட்டது. கூடாரம், எரிபொருள் கேன் எதுவும் இன்னும் ஏற்றவில்லை. உரிமம் எடுத்து வேட்டைக்குப் போனவர் திரும்பும்போது 70 கிலோ மானோடு வருவார், அதையும் சேர்க்கவில்லை.

அதிகச் சுமையில் வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கும். ஸ்டீயரிங் லேசாகும், டயர் சூடாகும், பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். தடித்த லீஃப் ஸ்பிரிங் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங் உயர்ந்து நிற்கும், அவ்வளவுதான். ஆக்ஸில், பிரேக், டயர் எல்லாம் பழையதுதானே? கம்பெனி கொடுத்த எடை அளவு மாறாது. இன்னொன்று, ஒரே மாடலில் வசதிகள் கூடக் கூடச் சுமக்கும் அளவு குறையும். அதனால் புத்தகத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, நீங்கள் வாங்கப்போகும் அந்த வண்டியின் ஸ்டிக்கரையே படியுங்கள்.

அப்புறம் சேஸிஸ். பிக்கப்பின் முதுகெலும்பு அது. துரு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓர் உதாரணம்: 2016இல் டொயோட்டா, சேஸிஸ் துருப்பிடிப்பது தொடர்பான வழக்கில் அமெரிக்காவில் ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகளுக்கு உடன்பாடு செய்துகொண்டது. 2005 முதல் 2010 வரையிலான டகோமாக்களும் அதில் அடக்கம். உறுதிக்குப் பேர்போன வண்டிக்கே இந்த நிலை என்றால், உப்புத் தண்ணீரில் இறங்கும் வண்டி எதற்கும் விலக்கில்லை.

டார்ச்சும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு கீழே படுங்கள். பின் சக்கரத்துக்கு மேலே சேஸிஸ் வளையும் இடம், லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம், குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகள். பெட்டி வடிவச் சேஸிஸுக்குள் சேறு தங்கி உள்ளிருந்து அரிக்கும். லேசாகத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டாலோ செதில் உதிர்ந்தாலோ வேண்டாம். மேலே எல்லாம் பழையதாக இருக்க, கீழே மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் பளபளத்தால் இன்னும் பலமாகத் தட்டுங்கள். வாங்கிய பிறகு, உப்புத் தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு முறையும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமா என்றால், வேண்டும். ஆனால் மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓட்ட உதவும் லோ கியரோடு இருப்பதாக வாங்குங்கள். ஈரமான சரிவில் படகை மேலே இழுக்கும்போது அதன் அருமை தெரியும். பின் டிஃபரன்ஷியல் லாக் இருந்தால் இன்னும் நல்லது, சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டு நிற்காது. காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலைப் போட்டு ஓட்டாதீர்கள். முன் சக்கரமும் பின் சக்கரமும் திருப்பத்தில் வெவ்வேறு தூரம் ஓடுவதால் இடையில் இருக்கும் கியர்கள் முறுக்கேறும். எப்போதும் ஃபோர் வீலிலேயே ஓடுவதற்காகச் செய்த வண்டி என்றால் அது வேறு.

என்ஜினைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். டர்போ இல்லாத பெரிய என்ஜினில் கெட்டுப்போக உறுப்புகள் குறைவு. டர்போ வாங்கினால் ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்கள். டீசல் வாங்கி வாரம் முழுக்கக் கடைத்தெருவுக்கு மட்டும் ஓட்டினால் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

ஸ்டெப்னியை மட்டும் மறக்காதீர்கள். பிக்கப்பில் அது பின்பாடிக்கு அடியில் ஒரு கேபிளில் தொங்கும். அந்தக் கேபிளும் அதைச் சுற்றி இறக்கும் வின்ச்சும் துருப்பிடித்து இறுகிவிட்டால் காட்டுக்குள் இறக்க முடியாது. வின்ச் இறுகிப்போய், கேபிளை வெட்டி டயரை எடுத்தவர்களை எனக்குத் தெரியும். வாங்கும் அன்றே விற்பவர் முன்னால் இறக்கி ஏற்றிப் பாருங்கள். அப்புறம் வருடத்துக்கு இரண்டு முறை அதையே செய்து கிரீஸ் தடவுங்கள்.

கடைசியாகப் புகைக்குழாய். அதன் நடுவில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஓடும்போது பல நூறு டிகிரி சூடாகும். காய்ந்த உயரப் புல்லில் நிறுத்தினால் தீப்பிடிக்கும். அதற்கு மேல் புல் சேர்ந்திருக்கிறதா என்று நிறுத்தும்போதெல்லாம் பாருங்கள். கேனப்பிக்குள் படுத்துத் தூங்குகிறவர்கள் குளிருக்காக என்ஜினை ஓடவிடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை எடுத்துவிடும். கேனப்பியோடு ஒரு பழைய பிக்கப் பார்க்கிறீர்கள் என்றால், என்ஜினை ஓடவிட்டு, குளிர்ந்த நிலையிலேயே குழாயின் இணைப்புகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் காது வைத்துக் கேளுங்கள். டிக் டிக் என்று கசியும் சத்தம் இருந்தால், கரிக்கோடு தெரிந்தால், அதைச் சரிசெய்து தரும்வரை பணம் கொடுக்க வேண்டாம்.