பனி தாங்கும் பிளம் மரமும் யாழ்ப்பாணத்து வளவும்

"கடும் பனியைத் தாங்கும், முந்திப் பழுக்கும், கலப்பினப் பிளம்" என்ற விளம்பரத்தோடு இணையவழியில் விற்கப்படும் கன்றுகளைப் பற்றி, விவசாயப் போதனாசிரியன் என்ற முறையில் என்னிடம் விசாரிப்பவர்கள் அண்மைக் காலத்தில் கூடியிருக்கிறார்கள். (பாயசத்துக்குப் போடும் முந்திரிகை எனப்படும் திராட்சையின் வற்றலையும் நாங்கள் பிளம்ஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், இது அதுவன்று.) கோப்பாயில் ஓர் அம்மா, கனடாவில் மகனுடைய பின்வளவில் பறித்துத் தின்ற பழத்தின் ருசியை மறக்கமாட்டாமல், அப்படிப்பட்ட கன்றுகள் இரண்டை வாங்கி நட்டிருந்தார். "தம்பி, மைனஸ் முப்பதிலயே நிண்ட மரம், எங்கட வெயிலுக்கு நிக்காதோ?" என்பது அவருடைய கேள்வி.

கேள்வியில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் பனியைத் தாங்குவது பொதுவான உடற்பலம் அன்று. குறிப்பிட்ட ஒரு காலநிலைக்கென்று வளர்த்தெடுக்கப்பட்ட குணம். வட அமெரிக்காவின் காட்டுப் பிளம் கடுங்குளிரில் பட்டுப்போகாது, ஆனால் அதன் பழம் சிறியது. யப்பானியப் பிளம்மின் பழம் பெரியது, ஆனால் அது அந்தக் குளிருக்குத் தாக்குப்பிடிக்காது. அந்தக் காட்டுப் பிளம்மை ஆசியப் பிளம் வகைகளோடு கலந்து, அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் நீல்ஸ் ஹான்சன் என்ற தாவர ஆய்வாளர் 1911 இல் வெளியிட்ட 'தோகா'வும், மினசோட்டாப் பல்கலைக்கழகம் 1933 இல் வெளியிட்ட 'சுப்பீரியர்' வகையும் இவ்வாறு உருவானவையே. முந்திப் பழுப்பதும் அங்கே ஒரு தேவை: கோடை குறுகியதாகையால், உறைபனி திரும்பி வருமுன் பழம் முற்றிவிட வேண்டும்.

இம்மரங்களின் அரும்புகள் இலையுதிர் காலத்தில் உறக்கத்துக்குப் போகின்றன. பூச்சியத்துக்கும் ஏழு பாகை செல்சியசுக்கும் இடைப்பட்ட குளிர், பல வகைகளுக்கு 500 மணித்தியாலங்களுக்கு மேல் சேர்ந்த பின்னரே அந்த உறக்கம் முறையாகக் கலையும். வெப்பமான புளோரிடாவுக்கென்று அங்குள்ள பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கல்ஃப்' வகைகளுக்குக்கூட ஏறத்தாழ 250 மணித்தியாலங்கள் வேண்டும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று நாங்கள் போர்த்துக்கொண்டு படுத்தாலும், யாழ்ப்பாணத்தில் வெப்பநிலை இருபது பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே எங்கள் வளவில் அந்தக் கணக்கு ஒரு மணித்தியாலம்கூட ஏறாது.

அம்மாவின் கன்றுகளில் ஒன்று ஏற்கெனவே பட்டுவிட்டது. மற்றதில், கீழிருந்து மேல்வரை அரும்புகள் வரிசையாக இருந்தும் அவை விரியாமல் காய்ந்து, கைபட்டதும் உதிர்ந்தன. நுனியில் மட்டும் ஒரு கொத்து இலை நின்றது. அடியில் செழிப்பாக எழும்பியிருந்த பச்சைத் தளிரைக் காட்டி, "இது வந்திடும்" என்றார். மண்ணை விலக்கிப் பார்த்தபோது, அது ஒட்டுப் போட்ட முடிச்சுக்குக் கீழே, ஒட்டுக்கட்டையிலிருந்து, அதாவது வேருக்காக வைத்த வேறு மரத்திலிருந்து, வெடித்த தளிர் என்பது தெரிந்தது. அது மரமாக வளர்ந்தாலும் அவர் விரும்பிய வகையாக இராது. பழத்தின் கொட்டையைக் கொண்டுவந்து நடுவதும் உதவாது. கலப்பினத்தின் விதை தாய்மரத்தின் குணத்தை அப்படியே தராது.

பயணப் பொதிக்குள் கன்றுகளை மறைத்துக் கொண்டுவருவது இதைவிடப் பாரதூரமானது. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், நடுகைக்கான தாவரங்களை அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. பிளம், பீச் மரங்களைத் தாக்கும் 'சார்க்கா' வைரசு கனடாவில் 2000 இல் கண்டறியப்பட்டது. நோயுற்ற கன்றுகள், ஒட்டுக்கிளைகள் வழியாகவே அது தொலைதூரத்துக்குப் பரவுகிறது. அப்படி வந்தால் முதலில் பாதிக்கப்படப்போவது நாங்களல்லர், பீச்சும் பிளம்மும் வைத்திருக்கும் நுவரெலியாப் பகுதியினர். வெளியிலிருந்து வந்து 2008 இல் இலங்கையில் கண்டறியப்பட்ட பப்பாசி மாவுப்பூச்சியை அடக்க, அதன் எதிரியான ஒட்டுண்ணிக் குளவியையும் வெளிநாட்டிலிருந்தே தருவிக்க வேண்டியிருந்தது.

கனடாவில் இருப்பவர்கள் தாராளமாக வளர்க்கலாம். அம்மாவின் மகன் தொலைபேசியில் வேறொரு குறை சொன்னார்: பக்கத்து வீட்டு மரத்தை வெட்டிய பிறகு, தன்னுடைய மரம் நிறையப் பூத்தும் காய்ப்பதில்லையாம். இந்தக் கலப்பினங்களில் பெரும்பாலானவை தம் மகரந்தத்தால் தாமே கருக்கட்டுவதில்லை. அதே காலத்தில் பூக்கும் வேறொரு வகை அருகில் வேண்டும். தோகாவைப் பலர் அதற்காகவே நடுகிறார்கள். பள்ளமான இடத்தில் நடுவதையும் தவிர்க்க வேண்டும். மரம் மாரியைத் தாங்கினாலும், அது முந்திப் பூப்பதால், வசந்தத்தில் ஒரே இரவு பூச்சியத்துக்குக் கீழே இரண்டு மூன்று பாகை போனாலும் விரிந்த பூக்கள் கருகக்கூடும். குளிர்காற்று தங்குவதும் பள்ளத்தில்தான்.

அம்மாவுக்கு நான் சொன்னது முந்திரிகைக் கொடி. குளிருக்குக் காத்திராமல், கவாத்துப் பண்ணினாலே துளிர்த்து அந்தத் துளிரில் பூக்கும் என்பதால்தான் அது எங்கள் செம்மண்ணில் நிலைத்தது. பட்டுப்போன கன்றின் குழியில் ஒன்றை நட்டிருக்கிறார். மற்றக் குழியில் ஒட்டுக்கட்டைத் தளிர் இப்போது இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. வெட்டச் சொல்லியும் அவர் வெட்டவில்லை.