ஓடைக்கரையில் மருந்து அடிக்கக் கூடாதுதான், அதற்காக?

போன மாதம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் ஒரு குளவிக் கொட்டு. நான் போய்ச் சேர்ந்தபோது ஐந்து பெண்களையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஓடைக்கரையில் ஒரு கூடை கவிழ்ந்து கிடந்தது, கொழுந்து வாடத் தொடங்கியிருந்தது. இந்த வருடம் நான் பார்க்கிற மூன்றாவது தோட்டம் இது.

தோட்ட முகாமையாளரான துரையிடம் கேட்டேன். "அந்த இடத்தை நாங்க தொடுறதில்லை மேடம், சான்றிதழ் போயிரும்" என்றார்.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். ஓடையோரம் மருந்து அடிக்காதே, அங்குள்ள காட்டை அழிக்காதே என்பதுதான் சூழல் பாதுகாப்புச் சான்றிதழின் விதி. தேயிலைச் செடி நிறைக்குள் மானாப் புல்லை இடுப்பு உயரத்துக்கு வளரவிடு என்று எங்கே இருக்கிறது? கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்காதே என்று எங்கே இருக்கிறது? அதே விதி ஏட்டில் தொழிலாளர் பாதுகாப்புக்கும் ஒரு பகுதி உண்டு, அதை யாரும் புரட்டுவதில்லை. மருந்தை நிறுத்தினால் கைக்களை எடுக்க ஆள் வேண்டும். ஆளுக்குப் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போட வேண்டும். அந்தக் காசை ஒதுக்காமல் சேமித்தோம் என்றால், கொழுந்து எடுக்கிறவளிடம் கடன் வாங்கியிருக்கிறோம்.

இலங்கையில் 2015இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தடை செய்து, 2018இல் தேயிலைக்குத் தளர்த்தினார்கள். 2021இல் இரசாயன உரத்தையே நிறுத்தி, அதே வருடம் நவம்பரில் பின்வாங்கினார்கள். நான் போன தோட்டங்களில் இத்தனைக்கும் நடுவே, ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் கிலோக் கணக்கு மட்டும் குறையவில்லை.

துரைமாரையே குறை சொல்லிப் பயனில்லை. கொழும்பில் ஒரு பிரிவு சான்றிதழ் கேட்கிறது, பக்கத்து அறை கிலோ கேட்கிறது, இரண்டு மின்னஞ்சலும் ஒரே ஆளுக்கு வருகின்றன. "இலக்குகள் ஒன்றுக்கொன்று துணை" என்று அறிக்கையில் நானும் எழுதியவள்தான்.

ஆகவே துரைமாரே, இரண்டும் மோதுகின்றன என்று தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். களை எடுக்கும்வரை ஓடைக்கரை நிறைகளுக்குக் கிலோவைக் குறையுங்கள். காலைப் பெரட்டுக்கு (ஆட்களுக்கு வேலை பிரிக்கும் நேரத்துக்கு) முன்பே ஒருவர் போய்க் கூடு பார்க்கட்டும். இருந்தால் அன்றைக்கு வேறு மலையில் வேலை. கொட்டுப்பட்டவர்களுக்கு அரைப் பேர் மட்டும் போடாதீர்கள், தயவுசெய்து.

அப்புறம் ஒன்று. "கூடு இருக்குதுன்னு போன வாரமே கங்காணிகிட்ட சொன்னேனே" என்றார் வீங்கிய முகத்தோடு ஓர் அக்கா. கங்காணி, உதவி முகாமையாளரான சின்னத்துரையிடம் சொல்லியிருக்கிறார். சின்னத்துரை எழுதியும் வைத்திருக்கிறார். கணக்காய்வுக் கோப்பில் நானே பார்த்தேன், திகதியோடு, "உயிரினப் பல்வகைமை" என்ற தலைப்பின் கீழ்.