பூச்சி பிடிக்கிற செடித் தொட்டியில பாசி வந்தா உடனே பிடுங்காதீங்க

வீனஸ் ஃப்ளைட்ராப், ட்ரோசெரா மாதிரி பூச்சி பிடிக்கிற செடிய வாங்கி மொட்டை மாடியில வளக்குற ஆளுங்க இப்ப திருநெல்வேலியில பாளையங்கோட்டை, டவுன் பக்கமும் இருக்காங்க. ஐப்பசி மழை விழுந்து கொஞ்ச நாள்ல தொட்டியோட மேல்மண்ணு பூரா பச்சையாயிட்டுன்னு பதறிப்போயி, செடிக்குப் போற சத்த பாசி (மெத்துமெத்துன்னு வளர்ற மாஸ், வழுக்குற பாசி இல்ல) திங்குதுன்னு நினைச்சு கையோட பிடுங்கிப் போட்டுருவாங்க. பிடுங்குறதுக்கு முன்னாடி அத கொஞ்சம் உத்துப் பாருங்க, உங்க தண்ணியப் பத்தி அது நிறைய சொல்லும்.

பாசிக்கு வேர் கிடையாது, அடியில இருக்குற மெல்லிசு இழையெல்லாம் மண்ணப் பிடிச்சு நிக்கத்தான். அதோட இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிமன், மேல மெழுகுப் பூச்சும் இல்லன்னே சொல்லலாம், அதனால தண்ணியும் அதுல கரைஞ்சிருக்குறதும் இலை வழியாவே நேரா உள்ள போயிரும். வெயில்ல கருகிக் கெடக்குற காம்பவுண்டு சுவர்ப் பாசி ஒரு மழை விழுந்ததும் பச்சையா மாறுறது இதனாலதான். விதைக்குப் பதிலா தூசி மாதிரி ஸ்போர்னு ஒண்ணு, அது காத்துல வந்து விழும், விழுந்த இடம் எப்பவும் ஈரமா, வெளிச்சமா, புளிப்பா (அமிலமா) இருந்துட்டா போதும். பூச்சி பிடிக்கிற செடிக்கும் அதே இடம்தான் வேணும்.

காட்டுலயும் ரெண்டும் ஒண்ணாத்தான் கெடக்கும். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில மழைக்காலத்துல தண்ணி கசியுற பாறையப் பாத்தா பாசிக்கு நடுவுலதான் ட்ரோசெராவும் யூட்ரிகுலேரியாங்குற இன்னொரு பூச்சி பிடிக்கிற செடியும் முளைச்சிருக்கும். மண்ணுல நைட்ரஜன் சத்து ரொம்பக் கம்மியான இடம், அதனாலதான் அதுங்க பூச்சி பிடிக்கவே ஆரம்பிச்சுது. நாம தொட்டியில போடுற பீட் மாஸும் ஸ்பாக்னம்னு ஒரு பாசி செத்து மக்கினதுதான்.

இப்ப தண்ணிக்கு வருவோம். இந்தச் செடிங்கள தண்ணித் தட்டுல வச்சுத்தான் வளக்குறோம், விளக்குத் திரி எண்ணெய இழுக்குற மாதிரி பீட் கீழ இருந்து தண்ணிய மேல இழுக்கும், மேல வந்த தண்ணி வெயில்ல ஆவியாப் போயிரும், ஆனா அதுல இருந்த உப்பு ஆவியாகாது, மேல்மண்ணுலயே தங்கிரும். கணக்குப் போட்டுப் பாருங்க, லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு இருக்குற தண்ணி, தட்டுல இருந்து ஒரு நாளைக்கு 100 மில்லி காயுதுன்னு வச்சுக்கிட்டா நாளைக்கு 50 மில்லிகிராம், மாசத்துக்கு ஒன்றரை கிராம். மனுசன் குடிக்க 500 ஒண்ணும் தப்பில்ல, ஆனா ஒரு சின்னத் தொட்டிக்குள்ள மாசா மாசம் அவ்வளவு சேந்தா என்ன ஆகும்? நம்மூரு சித்திரை வெயிலுக்கு இன்னும் வேகமா காயும். போர் தண்ணியில இருக்குற பைகார்பனேட்டு வேற பீட்டோட புளிப்பையும் பைய குறைச்சிரும்.

இந்த உப்பு முதல்ல சேருற இடத்துலதான் பாசி உக்காந்திருக்கு, தடுக்கிறதுக்கு அதுக்குத் தோலும் இல்ல. அதனால செடியோட வேர் கெடுறதுக்கு முன்னாடியே பாசியோட நுனி பழுப்பாகும், அதுலயும் ஸ்பாக்னம்தான் சுண்ணாம்புத் தண்ணிய கொஞ்சங்கூடத் தாங்காது. தட்டு நிறைய தண்ணி நின்னும் பாசி கருகுதுன்னா சந்தேகப்பட வேண்டியது தண்ணியத்தான். மண்ணு மேல வெள்ளையா பூத்தா உப்பு நல்லாவே ஏறிட்டுன்னு அர்த்தம். மெத்துமெத்துன்னு பாசி இருந்த இடத்துல வழவழன்னு பச்சைப் படலம் பிடிச்சாலும் சும்மா விடாதீங்க, சத்து எங்கிருந்தோ உள்ள வருதான்னு பாருங்க. கழுவாத கோகோபீட்லயும் (தேங்காய் நார்த் தூள்) உப்பு இருக்கும், வெல குறைச்சல்னு அத அப்படியே போடாதீங்க.

பாசியால நல்லதும் இருக்கு, அடிச்சுப் பெய்யுற மழைக்கு மண்ணு தெறிச்சு ட்ரோசெராவோட பிசின் மேல ஒட்டாமத் தடுக்கும். ஆனா விதை போட்டு வந்த குட்டிச் செடிய அது மூடிரும், ஸ்பாக்னமும் உயரமா வளர்ற பாசியும் அதுல ரொம்ப மோசம். அப்பவும் பிடுங்க வேண்டாம், பிடுங்குனா குட்டிச் செடியும் வேரோட சேந்து வந்துரும், சின்னக் கத்தரிக்கோலால மேல மட்டும் வெட்டி விடுங்க.

நுனி கருகுறதப் பாத்தா மழைத்தண்ணிய மேல இருந்து பைய ஊத்தி அடி வழியா நல்லா வடிய விடுங்க, வடிஞ்சத தட்டுல தேங்க விடாம கொட்டிருங்க. கேன் தண்ணியையும் வீட்டு ஆர்ஓ மெஷின் தண்ணியையும் அப்படியே நம்பாதீங்க, பலதுலயும் ருசிக்கு மினரல் திரும்பச் சேக்குறாங்க, தண்ணியில கரைஞ்ச உப்ப அளக்குற டிடிஎஸ் மீட்டர் வச்சுப் பாத்து லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழ இருந்தா ஊத்தலாம். என்னயக் கேட்டா நமக்கு மழைத்தண்ணிதான் சுலபம், ஐப்பசி கார்த்திகையில மொட்டை மாடித் தண்ணிய டிரம்முல பிடிச்சு, முதல் மழைய மட்டும் விட்டுட்டு, கொசு முட்டை போடாம வாய்க்கு வலை கட்டி வச்சா கோடைக்கும் ஓரளவு ஓடும்.