உளப்படுத்துதல்: ‘இன்க்ளூசிவ்’ என்பதற்கு நம்மிடம் உள்ள பழைய சொல்

கூட்டங்களும் வகுப்பறைக் கலந்துரையாடல்களும் ‘இன்க்ளூசிவ்’ ஆக இருக்க வேண்டும் என்று பயிற்சிக் கையேடுகளில் இப்போது அடிக்கடி படிக்கிறோம். வந்த எல்லாருக்கும் பேச வழி இருக்க வேண்டும், அவர்கள் சொன்னது முடிவெடுக்கும்போது கணக்கில் வர வேண்டும் என்பது இதன் பொருள். உட்கார நாற்காலி கொடுத்துவிட்டால் மட்டும் போதாது.

சொல்லின் வேர் இலத்தீன். ‘க்ளாவ்தெரே’ என்றால் அடைத்தல், மூடுதல். அதனோடு ‘இன்’ சேர்ந்து உள்ளே வைத்து மூடுதல் என்றாயிற்று. ஆங்கிலத்தில் மூடும் பொருள் தேய்ந்து, சேர்த்துக்கொள்ளும் பொருள் நின்றது. கல்வித்துறையில் இச்சொல் உலகெங்கும் பரவ 1994-இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் கூடிய யுனெஸ்கோ மாநாடு பெரிய காரணம். 92 நாட்டு அரசுகள் அதில் கலந்துகொண்டன. இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இதற்கு வரையறையே தருகிறது: குறைபாடு உள்ள மாணவரும் இல்லாத மாணவரும் சேர்ந்து படிப்பதோடு, கற்பிக்கும் முறையும் அவர்களுக்கு ஏற்ப மாற வேண்டும். அந்தப் பின்பாதியை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மாற வேண்டியது வகுப்பறை என்று அது சொல்கிறது.

தமிழில் ‘உள்ளடக்கிய’ என்று எழுதிவருகிறோம். உள்ளடக்கிய கல்வி, உள்ளடக்கிய வளர்ச்சி என்பவை அரசு ஆவணங்களிலும் நாளிதழ்களிலும் ஊன்றிவிட்டன. இருந்தும் எனக்கு இச்சொல் உறுத்துகிறது. பெட்டி பொருளை உள்ளடக்கும். நூல் கட்டுரைகளை உள்ளடக்கும். மனிதரைப் பற்றிப் பேசும்போது அடக்குதல் வேறொன்றை நினைவூட்டுகிறது. வாயை அடக்கு என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்ணைப் பேச அழைக்கும் செயலுக்கு, அதே ‘அடக்கு’ உள்ளே ஒளிந்திருக்கும் சொல்லையா வைப்பது? இலங்கைத் தமிழர் ‘உட்படுத்தல் கல்வி’ என்கிறார்கள். அது எவ்வளவோ மேல்.

அந்த ‘உட்படுத்த’லின் நெருங்கிய உறவுதான் உளப்படுத்துதல். நம் இலக்கணத்தில் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டுமே தன்மைப் பன்மை. ‘நாம்’ என்றால் கேட்பவரும் சேர்த்தி. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் நீங்கலாக மற்றவர்கள். தெலுங்கில் மனமு, மேமு என்றும் மலையாளத்தில் நம்மள், ஞங்ஙள் என்றும் இதே பிரிவு உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். மொழியியலார் ‘நாம்’ வகைக்குச் சூட்டியிருக்கும் பெயரே ‘இன்க்ளூசிவ்’ என்பது கவனிக்கத்தக்கது. நம் இலக்கணத்தார், பேசுபவர் தன்னோடு பிறரைச் சேர்த்துச் சொல்லும் இந்த வடிவத்தை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்றார்கள். பவணந்தி முனிவரின் நன்னூல் இதைத் ‘தன்னொடு படுக்கும் தன்மைப் பன்மை’ என்கிறது. முன்னிலையாரை உளப்படுத்தும் விகுதிகள் இவை, படர்க்கையாரை உளப்படுத்துபவை இவை என்று அந்த நூற்பா பிரித்தும் காட்டுகிறது.

இந்தப் பிரிவைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். தலைமை வகிப்பவர் எழுந்து, “நாங்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்” என்கிறார். அந்த ‘நாங்கள்’ அங்கில்லாத யார் யாரையோ சேர்த்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்திருப்பவர்களை வெளியே நிறுத்திவிட்டது. “நாம் முடிவு செய்ய வேண்டியது இது” என்றால் அவர்களும் உள்ளே வந்துவிடுகிறார்கள். பேச்சில் மட்டும் ‘நாம்’ என்றுவிட்டு முடிவைச் சட்டைப்பையில் வைத்திருந்தால் அதுவும் ஏமாற்று.

திருக்குறளில் அவையறிதல், அவையஞ்சாமை என்று இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து உள்ளன. அவற்றில் அவைக்கேற்பப் பேசுவதும் அஞ்சாமல் பேசுவதும் பேசுபவரின் கடமை. உளப்படுத்துதல் அந்தக் கடமையில் ஒரு பங்கை அவையின் மேல் வைக்கிறது. செவித்திறன் குறைந்தவர் வந்திருந்தால், உரக்கப் பேசத் தெரிந்தவரும் மைக்கை வாங்கித்தான் பேச வேண்டும். நிகழ்ச்சி நிரலை இரண்டு நாள் முன்னதாகக் கொடுத்தால், யோசித்துப் பேசும் இயல்புடையவர் தயாராக வருவார். கூச்சமுள்ளவர் எழுதித் தரலாம் என்று முதலிலேயே அறிவிக்கலாம்.

வகுப்பறைக்கு இதைவிட எளிய வழி ஒன்று உண்டு: காத்திருத்தல். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடியளவே காத்திருந்தார்கள். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். 3 விநாடி நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு நீளமென்று. முதல் வரிசையில் கை உயர்ந்துவிடும். அந்தக் கையைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சைப் பார்க்க வேண்டும்.

‘உளப்பாடு’ பெயராகவும், ‘உளப்படுத்தும் வகுப்பறை’, ‘உளப்படுத்தும் கூட்டம்’ என்று அடையாகவும் நன்றாகவே பொருந்துகிறது. ‘உள்ளம்’ பிறந்த ‘உள்’ என்னும் வேரே இதிலும் இருப்பதால் காதுக்கும் அந்நியமாக இல்லை. வினையாக வைத்துக் கேள்வியும் கேட்கலாம். கூட்டக் குறிப்பைப் படித்துக் கையெழுத்திடும் முன், “இந்த முடிவு யாரை உளப்படுத்தவில்லை?”