டெஸ்டிமோனா சொன்ன கடைசிப் பொய்

மனநல மருத்துவரான என்னிடம் வரும் பெண்களில் சிலர், கன்னத்திலோ கழுத்திலோ இருக்கும் காயத்தைப் பற்றிக் கேட்டால், குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொல்வார்கள். அப்போதெல்லாம் ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தின் இறுதிக் காட்சி என் நினைவுக்கு வரும். கணவன் ஒதெல்லோ மூச்சை நெரித்ததால் உயிர் பிரியும் தறுவாயில் இருக்கும் டெஸ்டிமோனாவிடம், இதைச் செய்தது யார் என்று அவளுடைய பணிப்பெண் எமிலியா கேட்கிறாள். யாருமில்லை, நானேதான் என்று சொல்லிவிட்டு அவள் இறந்துபோகிறாள்.

1604-இல் லண்டனின் வைட்ஹால் அரண்மனையில் நடிக்கப்பட்ட அந்த நாடகத்தின் பெயரை, 1955-இல் ஜான் டாட், கென்னத் டியூஹர்ஸ்ட் என்ற இரு மருத்துவர்கள் ஒரு மனநோய்க்குச் சூட்டினார்கள். வாழ்க்கைத் துணை தனக்குத் துரோகம் செய்வதாக, எதைக் காட்டினாலும் மாறாத உறுதியுடன் நம்பிவிடும் நிலை அது. நம் வீடுகளில் இதைச் சந்தேக நோய் என்பார்கள். என் கருத்தில் அந்தப் பெயர் ஒதெல்லோவுக்கு முழுமையாகப் பொருந்தாது. பதவி உயர்வு கிடைக்காத ஆத்திரத்தில், அவனுக்குக் கீழே படையில் பணியாற்றும் இயாகோ திட்டமிட்டு விதைத்த சந்தேகம் அவனுடையது. நான் பார்க்கும் நோயாளிகள் பலருக்கோ, வெளியிலிருந்து யாரும் எதுவும் சொல்லாமலேயே அந்த எண்ணம் உருவாகி இறுகிவிடுகிறது.

ஆனால் சந்தேகம் வேரூன்றிய பின் நடப்பதை இந்நாடகம் அளவுக்குத் துல்லியமாகக் காட்டியவை குறைவு. தலைவலி என்ற கணவனின் நெற்றியில் கட்ட டெஸ்டிமோனா எடுத்த கைக்குட்டை நழுவி விழுகிறது. இயாகோவின் கைக்கு அது போய்ச் சேர, அவன் அதை வேறோர் ஆணின் அறையில் போட்டுவைக்க, அதுவே அவளுடைய குற்றத்துக்குச் சான்றாகிவிடுகிறது. அவள் களங்கமற்றவள் என்று எமிலியா தன் ஆன்மாவைப் பணயம் வைத்துச் சொல்லும்போதோ, ஒதெல்லோ அதைப் பொருட்படுத்துவதே இல்லை. இன்று கைக்குட்டையின் இடத்தில் கைபேசி இருக்கிறது. “கேட்டதைக் காட்டிவிடும்மா, சந்தேகம் தீர்ந்துவிடும்” என்று பெரியவர்கள் நல்ல மனத்துடன்தான் சொல்கிறார்கள். அவள் கடவுச்சொல்லைத் தருகிறாள். எதுவும் கிடைக்கவில்லை என்றால், அழித்துவிட்டாள் என்பதே முடிவாகிறது. வேலையை விடுகிறாள், அக்கம்பக்கத்தில் பேசுவதை நிறுத்துகிறாள், ஆனாலும் விசாரணை முடிவதில்லை. தன்னை நிரூபிக்கும்படி அந்தப் பெண்ணிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள். பொறாமை தன்னையே பெற்றெடுத்துக்கொள்ளும் ஒரு பூதம், அதற்குக் காரணம் தேவையில்லை என்று எமிலியாவே நாடகத்தில் சொல்கிறாள்.

நீண்டநாள் குடிப்பழக்கம் இந்நோயுடன் அடிக்கடி சேர்ந்து காணப்படுகிறது. முதுமையில் திடீரெனத் தோன்றினால் மறதி நோயின் தொடக்கமாகவோ, நடுக்குவாதத்துக்குத் தரப்படும் சில மருந்துகளின் விளைவாகவோ இருக்கலாம். பெண்களுக்கும் இது வரும். மனைவி மேல் சந்தேகம் என்று சொல்லிக்கொண்டு யாரும் மருத்துவரிடம் வருவதில்லை என்பதால், தூக்கமின்மைக்கோ குடியை நிறுத்துவதற்கோ என்று அழைத்து வருவது பெரும்பாலும் எளிது. குடியை நிறுத்துவதுடன் மருந்தும் முறையாக எடுத்துக்கொண்டால் பலருக்கு அந்த எண்ணத்தின் தீவிரம் தணிகிறது. சிகிச்சைக்கு உடன்படாதவரால் பிறருக்கு ஆபத்து இருந்தால், சில நிபந்தனைகளுடன் அவரை மருத்துவமனையில் சேர்க்க 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இடம் தருகிறது.

என்னை மிகவும் வருத்துவது கொலைக்கு முந்தைய ஒரு காட்சி. வெனிஸிலிருந்து வந்த தூதர் லொடோவிகோவின் கண்ணெதிரே ஒதெல்லோ மனைவியை அறைகிறான். தூதர் திகைக்கிறார், கண்டிக்கிறார், அவளைச் சமாதானப்படுத்தச் சொல்கிறார். ஆனால் அன்றிரவு அவளை வேறிடத்தில் தங்கவைக்க அவருக்கோ மற்றவர்களுக்கோ தோன்றவில்லை. கொன்றுவிடுவேன் என்ற சொல்லைக் கோபத்தில் வந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிகிச்சை பலன் தரும்வரை இருவரும் தனித்தனியே இருப்பதுதான் சில குடும்பங்களில் உயிரைக் காக்கும் ஒரே வழி. பெண்களுக்கான 181 உதவி எண்ணையும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணையும் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

வழுக்கி விழுந்ததாகச் சொல்லும் பெண்ணிடம் நான் உடனே எதுவும் மறுத்துப் பேசுவதில்லை. உடன் வந்த கணவரை வெளியே அமரச் சொல்லிவிட்டு, கதவு சாத்திய பிறகு, அதே கேள்வியை இன்னொரு முறை மெதுவாகக் கேட்பேன். முதலில் அழுகைதான் வரும். அதன்பின் பலர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்.